முனிரத்தினம் எந்த ரெஜிமெண்ட்?

நவம்பர் 11, திங்கள்

காலையில் தசரதன் மறுபடியும் போன் செய்தார். எங்கள் ஊர் வேப்பங்காலில் முன்னாள் இராணுவத்தினர் சங்கம் வைத்து நடத்துபவர். ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பேருந்து நிறுத்தத்தின் அருகில் கருங்கல் ஒன்று நடப்போகிறார்கள். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் எல்லோருடைய பெயரும், பக்கத்தில் படைப்பிரிவும் அதில் செதுக்கப்படும். காணும் பொங்கலன்று திறப்பு.

என் அப்பா முனிரத்தினம் 1943இல் போனார், பர்மாவில் இருந்தார், 1946இல் திரும்பினார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"இன்னா சார், பெத்த அப்பா எந்த ரெஜிமெண்ட்டுன்னு தெரியாதா? காலேஜ்ல பாடம் நடத்துனவரு நீங்க."

"நான் விலங்கியல் நடத்தினேன்" என்றேன். அது பதிலாகாது என்பது சொல்லும்போதே தெரிந்தது.

ரெஜிமெண்ட் இல்லாவிட்டால் பெயரும் இல்லை என்கிறார். சங்கத்தின் தீர்மானமாம். "இல்லன்னா மிலிட்டரி கேண்டீன்ல டீ ஆத்துனவன்லாம் வந்து நிப்பான் சார்." டிசம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

ஊருக்குப் போய் வந்தேன். அப்பாவின் படங்கள் இரண்டும் அங்கே அக்காவிடம்தான் இருக்கின்றன. நவநீதம் அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. மாமா இறந்தபின் போளூரிலிருந்து திரும்பி வந்து, பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஊரில் அவளை இன்னும் பட்டாளத்தார் மகள் என்றுதான் சொல்கிறார்கள்.

"மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுன்னு எழுதிட்டுப் போடா. இதுக்கு எதுக்குப் பூதக்கண்ணாடி?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ இன்னா கண்டே? அப்பா சண்டைக்குப் போறப்போ நீ தொட்டில்ல கெடந்தவன்."

எனக்கு இப்போது வயது எழுபத்தேழு. தொட்டிலில் கிடந்தது உண்மை. படங்களைக் கேட்டேன். தர மாட்டேன் என்றாள். காப்பி கொடுத்தாள். மீண்டும் கேட்டேன். பொங்கலுக்கு முன் திரும்பி வராவிட்டால் வேலூருக்கே வந்து என் மருமகள்களின் முன்னால் மானத்தை வாங்குவேன் என்று சொல்லி, பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

திரும்பும்போது கணியம்பாடியில் ஒரு சாவு ஊர்வலத்தின் பின்னால் பேருந்து மாட்டிக்கொண்டது. மேளம், பட்டாசு. ஓட்டுநர் முணுமுணுத்தபடியே இருந்தார். எனக்கும் எரிச்சல்தான். அப்பா ஞாபகம் வந்தது. போர் முடிந்தபின் அவர் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்விட்டார், பண்டிகைக்குத்தான் வருவார். எனக்குப் பத்து வயதானபோது அங்கேயே இறந்தார். அதனால் நினைவுகள் குறைவு. அதில் ஒன்று, தெருவில் சாவு போனால் அவர் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்து வாசலுக்குப் போய், கடைசியில் வருபவரை நிறுத்தி, "பேரு இன்னா?" என்று கேட்பது. எந்தத் தெரு, எந்தச் சாதி என்றெல்லாம் பார்க்க மாட்டார். பேரைக் கேட்டுவிட்டு உள்ளே வருவார். பையன்கள் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அவமானமாக இருக்கும்.

பிளம்பர் வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

படங்களை முறையாகப் பரிசோதிக்கத் தொடங்கினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பூச்சிகளை இப்படித்தான் இனம் கண்டேன்: முதலில் தெரிவதை எழுது, பெயரைப் பிறகு தேடு.

முதல் படம்: வேலூர் ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா நின்றுகொண்டிருக்கிறார். பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. தொப்பி, பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, தோளிலிருந்து மார்புக்குத் தொங்கும் கயிற்றுச் சடை. கையில் துப்பாக்கி. சட்டை கொஞ்சம் இறுக்கம். இதுதான் எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் தொங்கிய படம்.

இரண்டாவது படம்: வெளியில் எடுத்தது. எட்டுப் பேர். நீள்வட்டமாக வெட்டிய அட்டைக்குள் சட்டமிடப்பட்டிருக்கிறது, அதனால் மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது. சாதாரண காக்கிச் சட்டை, கையை மடித்துவிட்டிருக்கிறார்கள். சின்னம் எதுவும் இல்லை. தலைகளுக்கு நடுவே பின்னால் சில கொம்புகள் தெரிகின்றன. அவை வெற்றிலைக் கொடிக்கால் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இவ்வளவு குட்டையான கொம்பில் வெற்றிலை ஏறுமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். கேட்டதில்லை.

முதல் படத்தை என் மனைவி கஸ்தூரி கைபேசியில் எடுத்து, பழைய இராணுவச் சின்னங்களைச் சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் போட்டுக் கொடுத்தாள். எனக்கு அதெல்லாம் வராது.

நவம்பர் 20, புதன்

பதில்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட், சந்தேகமே இல்லை என்கிறார் ஒரு சுபேதார். பீரங்கிப் படை, சந்தேகமே இல்லை என்கிறார் திருச்சிக்காரர் ஒருவர். பொறியாளர் படை என்று இன்னொருவர். அவர்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. ஒருவர் மற்றவரின் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசிவிட்டார். நடுவில் யாரோ ஒருவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். எதற்காக என்று கஸ்தூரி கேட்டாள். தெரியவில்லை.

நவம்பர் 27, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தனியாக அழைத்தார். தன்மையாகப் பேசினார்.

"ஐயா, வருத்தப்படாதீங்க. தொப்பி மட்டும்தான் ஆர்மி. அந்தச் சட்டையும் சடையும் கல்யாண பேண்டு வாசிக்கிறவங்களோடது. துப்பாக்கி மரத்துல செஞ்சது, ஸ்டுடியோவுல வெச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல நிறைய பேர் இப்படி எடுத்துக்கிட்டாங்க."

கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். "ஏங்க, இத்தினி வருஷமா பேண்டு மாஸ்டருக்கா மாலை போட்டுக்கினு இருந்தோம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அப்பா போருக்குப் போனது பொய்யல்ல. பர்மாவிலிருந்து மணியார்டர் வந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். உண்மையாகவே போருக்குப் போய் வந்தவர் ஏன் பேண்டுக்காரர் சட்டையை இரவல் வாங்க வேண்டும்?

டிசம்பர் 2, திங்கள்

முதல் படத்தில், துப்பாக்கியைப் பிடித்திருக்கும் இடது கையில் நடுவிரலின் நுனி இல்லை. அது கோலார் சுரங்கத்தில் 1950இல் போனது. ஆக, இந்தப் படம் அவர் போரிலிருந்து திரும்பிக் குறைந்தது நான்கு வருடம் கழித்து எடுத்தது. நான் தவறாகவும் இருக்கலாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நுனி இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

பிளம்பர் வந்தார். பழைய சொட்டு நின்றது. இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது.

தசரதன் அழைத்தார். "சார், மெட்ராஸ்னே போட்ருவோமா? உங்க அக்காவும் அதத்தான் சொல்றாங்க. யாரு வந்து கேக்கப் போறா?" போடுங்கள் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

இன்று இரண்டாவது படத்தின் சட்டத்தைக் கழற்றினேன். ஆணிகள் துருப்பிடித்திருந்தன. சாப்பாட்டு மேசையில் செய்யாதீர்கள் என்று கஸ்தூரி சொன்னாள். வேறு மேசை இல்லை. அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததில் கவனம் சிதறி, ஓர் ஆணி விரலில் ஏறிவிட்டது.

நீள்வட்ட அட்டையை எடுத்தேன். அது மறைத்திருந்தது படத்தின் பாதிக்கு மேல்.

கீழே மண்வெட்டிகள். பின்னால் இருப்பது கொடிக்கால் இல்லை. வரிசை வரிசையாக மரச் சிலுவைகள், நடுநடுவே மேல்பக்கம் வளைந்த கல்லறைப் பலகைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் புதிய மண் மேடு. படத்தின் ஓரம்வரை போகின்றன.

எட்டுப் பேரில் அப்பா மட்டும் முழங்காலிட்டிருக்கிறார். இத்தனை நாள் அவர் குள்ளமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். இடது கையில் ஒரு தகர டப்பா. அந்தக் கையில் விரல் நுனி இருக்கிறது. வலது கையில் தூரிகை. எதிரே இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு சிலுவையைப் படுக்க வைத்து, வெள்ளைப் பெயிண்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பெயர் பாதிதான் எழுதியிருக்கிறது. அதற்கு மேலே எழுதி முடித்த வரி தெளிவாகத் தெரிகிறது. அது ஒரு ரெஜிமெண்ட்டின் பெயர். இறந்துபோன யாரோ ஓர் ஆங்கிலேயச் சிப்பாயின் ரெஜிமெண்ட்.

ஒரு மாதமாக நான் தேடியது கிடைத்துவிட்டது, வேறு ஒருவருக்கு.

கஸ்தூரி பின்னால் வந்து நின்று, பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "உங்க டிரங்குப் பெட்டில உங்க பேர எழுதினது மாமாதானே? அதே கையெழுத்து" என்றாள். எனக்கு எட்டு வயதில் அப்பா பெயர் எழுதித் தந்து, பின்னால் நான் கல்லூரி விடுதிக்கு எடுத்துப்போன பெட்டி, இப்போதும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. போய்ப் பார்க்கவில்லை. குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

டிசம்பர் 10, செவ்வாய்

முழுப் படத்தையும் கர்னலுக்கு அனுப்பினேன். பதில்: "கல்லறைப் பதிவுப் பிரிவு. இறந்தவர்களைத் தேடி எடுத்து, அடையாளம் கண்டு, அடக்கம் செய்து, பெயர் எழுதி வைத்தவர்கள். உங்கள் தந்தைக்கு என் சல்யூட்."

நன்றி என்று எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

டிசம்பர் 15, ஞாயிறு

அக்காவிடம் போனேன். பேருந்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அட்டைய கழட்டிட்டியா" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆரம்பம் முதல் தெரிந்திருக்கிறது.

1951இல் அவளுக்கு முதலில் ஆரணியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்ததாம். எல்லாம் பேசி, தட்டு மாற்றுகிற நேரத்தில், சண்டையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று மாப்பிள்ளையின் தாத்தா சும்மா கேட்டிருக்கிறார்.

"அப்பா சொல்லிட்டாருடா. கேட்டாங்க, சொல்லிட்டாரு. அங்க எல்லாச் சாதிக்காரனும் ஒண்ணாத்தான் கெடந்தான், தூக்கிப் பொதச்சோம்னு. அந்தக் கெழவன் எழுந்துட்டான். பொணம் தூக்குன கையால தாரை வார்த்தா எங்க வீட்டுக்கு ஆவாதுன்னான். தட்ட எடுத்துக்கினு போயிட்டாங்க."

அடுத்த சம்பந்தம் போளூரிலிருந்து வந்தபோது அம்மா முந்திக்கொண்டாள். அப்பாவை வேலூர் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவைத்து, துப்பாக்கியோடு படம் எடுக்க வைத்தாள். பழைய படத்துக்கு அட்டை போட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் முதலில் படும்படி துப்பாக்கிப் படத்தை மாட்டினாள். இந்த முறை யாரும் எதையும் கேட்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்குத் தண்ணி ஊத்தறப்போ அப்பா கை ஆடுச்சு பாரு. செம்பே கீழ விழுந்துடும்போல இருந்துச்சு. எங்க மாமியா, பட்டாளத்துக்காரரு பொண்ணக் குடுக்கறப்போ அழறாருன்னு சொன்னா."

"எனக்கு ஏன் சொல்லவே இல்லை?"

"நீ ஸ்கூல்ல ஒளறிடுவேன்னு அம்மா சொல்லிச்சு."

"அப்புறம்? அறுபத்தெட்டு வருஷமா?"

"அப்பறம் மறந்துட்டேன்" என்றாள். மறக்கவில்லை. கீரையை ஆய்ந்த இடத்திலேயே மறுபடியும் ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுன்னு எழுதிடுடா. அவரு பேரு கல்லுல இருக்கணும். இந்த ஊர்ல நான் இன்னும் கொஞ்ச நாள் நடமாடணும்" என்றாள்.

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இது என் வழக்கம்.

டிசம்பர் 16, திங்கள்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. குழாய் சொட்டுகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தசரதனைப் பார்த்து, ரெஜிமெண்ட் தெரியவில்லை, பெயரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஊருக்குப் போனேன். பொய்யும் இல்லை, அக்காவுக்குத் தலைகுனிவும் இல்லை. இதைவிடக் கோழைத்தனமான முடிவு இருக்க முடியாது. அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது. அக்கா வீட்டு வாசலில் அவரே எதிர்ப்பட்டார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"எங்கப்பா கல்லறைப் பதிவுப் பிரிவு" என்றேன்.

"அப்டின்னா?"

படத்தைக் காட்டி விளக்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்காக மெட்ராஸ்னு போட்டுத் தரேன். இத போட்டா ஊரு சிரிக்கும். இது ரெஜிமெண்ட்டா? வெட்டியான் வேலை."

அக்கா உள்ளே இருந்தாள். காது மந்தம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே வந்தாள்.

"இன்னா வேலைன்னே?"

"இல்லம்மா, பொதுவா சொன்னேன்."

"நீ கார்கில் சண்டைக்குப் போனியே, உங்கூட இருந்தவன் எவனாச்சும் செத்தானா?"

தசரதன் செருப்பைப் பார்த்தார். "ரெண்டு பேரும்மா."

"அவங்கள எடுத்தது யாரு? நீயா?"

"இல்லம்மா. நாங்க மேல ஏறிட்டோம். பின்னால வந்தவங்க எடுத்தாங்க."

"பின்னால வந்தவன் பேரு இன்னா?"

அவருக்குத் தெரியவில்லை.

"தெரியாது இல்ல? ஆனா அவன் எடுக்கலன்னா உன் சிநேகிதன் இன்னும் அங்கியேதான் கெடப்பான். எங்கப்பன் அப்படிக் கெடந்தவன எடுத்து, பேரு எழுதி, அவன் எந்த ரெஜிமெண்ட்டுன்னும் எழுதி வெச்சாரு. எழுதி வெச்ச மனுஷனுக்கு ரெஜிமெண்ட் இல்லன்னு நீ சொல்றே. வெட்டியான்னா உனக்கு எளக்காரமா கீதா? நாளைக்கு நீ நடந்தா போவப் போறே?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும். குரலைக் குறைக்கவில்லை. நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

தசரதன் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். இந்த முறை நின்று பார்த்தார். ஒரு மேட்டைத் தொட்டு, "இத்தினி பேருக்கும் பேரு போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

"தெரிந்தவர்களுக்கெல்லாம்" என்றேன்.

"எப்பிடிப் போடணும்னு எழுதிக் குடுங்க" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே நீட்டினார்.

அவர் போனபின் அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா, வாத்தியாரு வேலை பாத்தேன்னு பேரு, வாய மூடிக்கினு நிக்கறே? குடைய மடக்கு." உள்ளே போகும்போது சொன்னாள்: "அந்தத் துப்பாக்கிப் படத்த கொண்டாந்து அதே ஆணியில மாட்டிடு. அது என் கல்யாணத்துக்கு எடுத்தது."

ஜனவரி 17, வெள்ளி

கல் திறப்பு. பதினொரு மணிக்கு என்றார்கள், பிரமுகர் ஒரு மணிக்கு வந்தார். நாற்காலிகள் போதவில்லை. ஒலிபெருக்கி கீச்சிட்டது. எனக்கு முன்னால் பேசியவர் பர்மாவை மலேயா என்று சொன்னார். திருத்தலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

கல்லில் அப்பாவின் வரி: "ல. முனிரத்தினம், கல்லறைப் பதிவுப் பிரிவு, பர்மா." அப்பாவின் முதலெழுத்து வ. நான் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அச்செழுத்தில், இரண்டு முறை. தசரதனிடம் சொன்னேன். "அடுத்த வாரம் சரி பண்ணிடலாம் சார், கல்லுதானே" என்றார். கல்லை எப்படிச் சரி பண்ணுவார் என்று கேட்கவில்லை.

அக்கா பட்டுச் சேலையில் வந்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறார்களா என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்ததை நான் பார்த்தேன். கூட்டம் கலைந்ததும் கல்லருகே போய் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை இழுத்தாள். எழுத்துகளுக்கு அன்று காலையில்தான் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், காயவில்லை. விரலைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

புதுச் சட்டை.

ஜனவரி 21, செவ்வாய்

பெயிண்ட் கறை போகவில்லை. கஸ்தூரி மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சலவைக் கடையில் கொடுக்கலாம் என்று ஆட்டோவில் கிளம்பினேன். மார்க்கெட் முனையில் ஒரு சாவு வந்தது. பூவும் புகையுமாகப் பாதை அடைந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்று இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று யோசித்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவரை மறித்துக் கேட்டேன்.

"இறந்தவர் பேர் என்ன?"

"நீங்க யாரு?"

"யாரும் இல்லீங்க. பேர் மட்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கறை படிந்த சட்டை என் கையில் இருந்தது.

"கன்னியப்பன். பூட்டு ரிப்பேர் கடை வெச்சிருந்தாரு."

ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கே விடச் சொன்னேன். சட்டையைக் கொடுக்க மறந்து திரும்பிவிட்டேன்.

கன்னியப்பன். முதலெழுத்தைக் கேட்காமல் வந்துவிட்டேன். நாளை காலையில் போய் விசாரிக்க வேண்டும்.